செருப்பிலிருந்து தவளை, கல்யாண முருங்கைக் கட்டையிலிருந்து மடவை: வீட்டிலேயே தூண்டில் லூர் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரி, குளங்களில் விராலையும், உப்பங்கழிகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் கொடுவாவையும் லூர் எனும் செயற்கை இரையை வீசிப் பிடிப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கடையில் கிடைக்கும் லூர்களில் பெரும்பாலானவை வேறு நாட்டு மீன்களையும் வேறு நாட்டு நீர்நிலைகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகாயத்தாமரையும் அல்லியும் மண்டிய நம் குளத்துக்குள் அவற்றை வீசினால், பாதி நேரம் பாசியை எடுத்துப் போடுவதிலேயே கழியும். விலை உயர்ந்த லூர் ஒன்று வேரில் மாட்டி அறுந்துபோனால் அந்த நாளின் உற்சாகமும் அதோடு போய்விடும். நாமே செய்யும் லூருக்குச் செலவு குறைவு என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய நன்மை, நாம் வீசும் நீரின் ஆழத்துக்கும் அங்குள்ள இரைமீனின் அளவுக்கும் ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ள முடிவது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வண்ணத்தில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் ஒரு லூர் மீனை இழுப்பதும் இழுக்காததும் பெரும்பாலும் அதன் எடை உடலில் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வண்ணம் சுமாராக இருந்தாலும் சமநிலை சரியாக உள்ள லூர் மீன் பிடித்துத் தரும். வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும் லூரை மீன் திரும்பிப் பார்ப்பது அரிது. அதனால் இந்த வழிகாட்டியில் எடைக்கும் நீர்ச் சோதனைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

கூர்மையான கத்தி, ஆக்ஸா பிளேடு, மூக்குக் குறடு, சிறிய கைத்துளைப்பான், 120, 220, 400 எண்ணுள்ள உப்புத்தாள்கள், 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மெதுவாக இறுகும் இரு பகுதி எபாக்ஸி, ரப்பர் பசை, தூண்டில் கடையில் விற்கும் ஈயக் குண்டுகள், முள்ளை லூரில் மாட்டும் சிறு வளையமான ஸ்பிளிட் ரிங், தூண்டில் முட்கள் ஆகியவை போதும். இவற்றோடு நகை எடை போடும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை அவசியம் வாங்கிவிடுங்கள். 0.1 கிராம் வரை காட்டினால் போதும். இந்த வேலையில் கத்திக்கு அடுத்தபடியாகப் பயன்படுவது அதுதான்.

ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். அது ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் சமையலடுப்பிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது வெடித்துத் தெறிக்கும். அதன் தூசும் புகையும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஈயம் இன்னும் மோசமானது. கடையில் கிடைக்கும் குண்டுகளை வெட்டியும் தட்டியும் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதல் லூர்: விராலுக்கு ஒரு செருப்புத் தவளை

விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். அடிக்கடி மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பாசிக்கும் தாமரை இலைக்கும் அடியில் பதுங்கியிருந்து, மேலே போகும் தவளையையோ சிறுமீனையோ அடிக்கும். எனவே அதற்கான லூர் மிதக்க வேண்டும், பாசியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், மீன் கடிக்கும்போது மட்டும் முள் வெளியே வர வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் பொருள் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ஹவாய் செருப்பு. அழுத்தினால் உடனே அமுங்கி, விட்டால் திரும்பும் மென்மையான செருப்பாகப் பார்த்து எடுங்கள். தேய்ந்து கல்லாகிப்போனது உதவாது.

அடிப்பாகத்திலிருந்து 55 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் முகங்கள் இரண்டையும் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இரண்டிலும் மெல்லியதாகத் தடவுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒரே அழுத்தாக ஒட்டுங்கள். ஈரப்பசையோடு ஒட்டினால் நீரில் ஊறிப் பிரிந்துவிடும். மறுநாள் கத்தியால் வடிவம் செதுக்கலாம்: வயிறு தட்டையாகவும், மூக்கு சற்றே மேல்நோக்கிக் கூர்ந்தும், பின்பகுதி குறுகியும் இருக்கட்டும். மூக்கு மேல்நோக்கி இருந்தால்தான் இலையின் விளிம்பில் முட்டாமல் அதன்மேல் ஏறிவரும்.

அடுத்தது முள். தவளை லூருக்கென விற்கும் இரட்டை முள்ளில் 2/0 அல்லது 3/0 அளவு இந்த உடலுக்குப் பொருந்தும். முனையைக் கூராக்கிய பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் உடலின் நடுவே மூக்கிலிருந்து பின்புறம் வரை துளையிடுங்கள். எஃகுக் கம்பியின் ஒரு முனையை முள்ளின் கண்ணில் வளையமாக முறுக்கி, மறுமுனையைத் துளை வழியாக மூக்குப் பக்கம் இழுத்து, அங்கே தூண்டில் நரம்பு கட்டுவதற்கு இன்னொரு வளையம் போடுங்கள். மீனின் இழுவை முழுவதும் கம்பியில்தான் விழ வேண்டும். செருப்புத் துண்டு வெறும் உடை மட்டுமே. முள்முனைகள் இரண்டும் முதுகின்மேல் இருபக்கமும் படிந்து, மேல்நோக்கிப் பார்த்திருக்க வேண்டும். அவை படியும் இடத்தில் கத்தியால் இரண்டு ஆழமற்ற பள்ளங்கள் வெட்டுங்கள். முனை பள்ளத்துக்குள் பாதி மறைந்திருப்பதே சரியான அளவு.

இப்போது தவளையின் முதுகையும் வயிற்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து, முள்முனை விரலில் படாதபடி கவனமாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் இரண்டு முனைகளும் பள்ளத்திலிருந்து தெளிவாக வெளியே தெரிய வேண்டும். விட்டவுடன் மறைய வேண்டும். தெரியவில்லை என்றால் முதுகில் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். கடையில் வாங்கிய தவளையையும் இதே முறையில் சோதித்துப் பார்க்கலாம். மீன் அடித்தும் மாட்டாமல் போவதற்குக் காரணம் பல நேரங்களில் இதில்தான் இருக்கும்.

பின்வயிற்றில் ஒரு சிறு வெட்டுப் போட்டு ஈயக் குண்டைச் செருகி, பசையால் மூடுங்கள். எவ்வளவு ஈயம் என்பதைத் தண்ணீர் வாளிதான் சொல்லும்: எப்படித் தூக்கிப் போட்டாலும் தவளை வயிறு கீழாக விழ வேண்டும், மூக்கு நீருக்கு மேலும் பின்புறம் நீருக்குள்ளும் இருக்க வேண்டும். மொத்த எடை 12 முதல் 15 கிராமுக்குள் இருந்தால் சாதாரண தூண்டில் ராடில் நன்றாக வீசலாம். கால்களுக்கு மெல்லிய சிலிக்கான் இழைகள் சிறந்தவை. ரப்பர் பேண்டும் ஆகும். ஆனால் வெயிலில் விரைவில் இற்றுவிடும். கால்களை நீளமாகவே விட்டுத் தொடங்குங்கள். குறைக்கக் குறைக்கத் தவளை இடவலமாகத் திரும்புவது எளிதாகும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

விரால் அடித்த சத்தம் கேட்டவுடன் ராடை இழுப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். ஒரு நொடி பொறுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

இரண்டாவது லூர்: கொடுவாவுக்கு ஒரு மர மடவை

உப்பங்கழியில் கொடுவா விரும்பித் தின்பவற்றில் மடவைக் குஞ்சும் இறாலும் முக்கியமானவை. மடவையைப் போல் வெள்ளி உடலோடு, இழுக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கும் லூர்தான் நாம் செய்யப்போவது.

பால்சா மரம் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் நம்மிடம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையும், இலவ மரமும், தீக்குச்சிக்குப் பயன்படும் பெருமரமும் போதிய அளவு இலேசானவை. நன்றாகக் காய்ந்த, புழுத்துளை இல்லாத கட்டையாக இருந்தால் போதும். இன்று உலகெங்கும் விற்கும் ரப்பாலா லூரின் தொடக்கமே இப்படிக் கைக்குக் கிடைத்த பொருள்தான். ஃபின்லாந்து மீனவர் லவுரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மேற்பூச்சாகப் பூசினார். அவர் கவனம் செலுத்தியது, அடிபட்ட சிறுமீன் நீந்தும் விதத்தை அந்தத் தக்கையில் கொண்டுவருவதில்.

கெட்டி அட்டையில் 90 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பக்கவாட்டு வடிவத்தை வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்; இதே லூரை மறுபடி செய்யவும் நண்பருக்குக் கொடுக்கவும் அது வேண்டும். 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டையில் வடிவத்தை வரைந்து அறுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களை உருட்டுவதற்கு முன், கட்டை இன்னும் சதுர முகங்களோடு இருக்கும்போதே நடுக்கோட்டை எல்லாப் பக்கமும் வரைந்து, அந்தக் கோட்டின் வழியே முன்தகட்டுக்கான வெட்டையும் வயிற்றில் கம்பி படுப்பதற்கான பள்ளத்தையும் போட்டுவிட வேண்டும். உருட்டிய பிறகு நேராக அறுப்பது மிகக் கடினம். அரை மில்லிமீட்டர் சாய்வும் பிறகு நீரில் பெரிதாகத் தெரியும்.

தூண்டில்காரர்கள் லிப் என்று சொல்லும் இந்த முன்தகடுதான் லூரை இறங்கவும் ஆடவும் வைக்கிறது. பழைய சிடி இதற்கு நல்ல பொருள், அது 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட். வெந்நீரில் சற்று ஊறவைத்துக் கத்தரித்தால் விரிசல் விடாது. மேலுள்ள வெள்ளிப் படலத்தை ஒட்டும் நாடாவால் உரித்துவிடலாம். பாறையில் மோதும் இடத்துக்கும் பெரிய மீனுக்கும் 2 மில்லிமீட்டர் தகடு வாங்கிக்கொள்வது நல்லது. தகடு உடலுக்குக் குறுக்காக, ஏறத்தாழ நேர்கீழாக நின்றால் லூர் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடி ஓடும்; உடலின் நீட்சிபோல முன்னோக்கிச் சாய்ந்து நீளமாக இருந்தால் ஆழத்துக்குப் போகும். தகட்டின் அகலம் கூடினால் ஆட்டம் கூடும். முதன்முறை செய்யும்போது 45 டிகிரிச் சாய்வு வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே வெட்டி, இப்போதைக்கு ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள்.

கம்பியை மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று ஒரே துண்டாக வளைத்துப் பள்ளத்தில் படுக்கவையுங்கள். மரம் உடைந்தாலும் மீன் கையைவிட்டுப் போகாமல் இருப்பது இதனால்தான். உடலுக்குள் வைக்கும் முன் மூக்கு வளையத்தை உறுதியான கொக்கியில் மாட்டி, வால் வளையத்தில் தண்ணீர் நிரப்பிய 10 லிட்டர் கேனைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வளையம் திறந்துகொண்டால் முறுக்கு போதவில்லை. பிறகு 120 எண் தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து உடலை உருட்டி, நீர்த்த வார்னிஷில் முக்கி உலர்த்துங்கள். வார்னிஷ் போடாமல் நீர்ச் சோதனை செய்தால் மரம் நீரைக் குடித்து எடை மாறிவிடும்.

எடையைக் கணக்கிடுவது

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். லூரின் உடலை ஒரு ஊசியில் குத்தி, கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுதாக அமிழ்த்திப் பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் உடலின் கனஅளவு மில்லிலிட்டரில். நாம் எடுத்துக்கொண்ட அளவுக்கு இது 14 அருகே வரும். அதாவது மொத்தம் ஏறத்தாழ 14 கிராமை எட்டும்போது லூர் நன்னீரில் மிதக்கவும் மூழ்கவும் இல்லாமல் நிற்கும். மரம் 4 கிராம், கம்பி, முட்கள், ரிங், தகடு, மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து 6 கிராம் என்றால், மீதி 4 கிராம் நம் கையில் இருக்கிறது. மிதக்கும் லூர் வேண்டுமானால் அதில் 2 கிராம் ஈயத்தோடு தொடங்குங்கள்.

நம் ஊரில் லூர் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. இந்த லூர் அங்கே ஏறக்குறைய 0.35 கிராம் கூடுதலாகத் தாங்கும். வீட்டு வாளியில் நட்டநடுவில் அசையாமல் நின்ற லூர் முகத்துவாரத்தில் மெல்ல மேலேறிவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து உப்பங்கழியின் நீர் நன்னீராகிவிட்டால், அதே லூர் இறங்கி நிற்கும். மிக நுட்பமாகச் செய்ய வேண்டும் என்பவர்கள், தாங்கள் வீசும் இடத்துத் தண்ணீரையே ஒரு கேனில் கொண்டுவந்து சோதிக்கலாம்.

முட்கள், ரிங் எல்லாம் மாட்டி, ஈயத்தை வயிற்றில் ரப்பர் பேண்டால் கட்டி மிதக்கவிடுங்கள். வயிற்று முள்ளுக்குச் சற்று முன்னே, உடலின் அடிப்பகுதியில் இருப்பதே பெரும்பாலும் சரியான இடம். ஈயம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நிலையாக லூர் நிமிர்ந்து நிற்கும். வால் பக்கம் தள்ளினால் தூரமாக வீசலாம்; ஆனால் ஆட்டம் குறையும். இடம் உறுதியானதும் துளையிட்டு ஈயத்தை உள்ளே இறக்கி, பள்ளம் முழுவதையும் எபாக்ஸியால் நிரப்புங்கள். வண்ணம் பூசும் முன்பே நரம்பில் கட்டி, தெளிந்த நீரில் இழுத்தும் பாருங்கள். ஆட்டம் மிதமிஞ்சிக் கவிழ்ந்தால் முன்தகட்டின் இருபக்கமும் சம அளவாகச் சிறிது தேயுங்கள். திருப்தியான பிறகு தகட்டை ஒட்டுங்கள்.

வண்ணமும் மேற்பூச்சும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏசி குழாய்க்குச் சுற்றும் அலுமினிய ஒட்டுநாடாவை அரத்தின்மேல் வைத்து விரலால் தேய்த்தால் செதில் வரிகள் பதியும். அதைப் பக்கங்களில் ஒட்டுங்கள். முதுகுக்குக் கரும்பச்சை அல்லது சாம்பல், வயிற்றுக்கு வெள்ளை. கொசுவலைத் துண்டை இறுக்கிப் பிடித்து அதன்மேல் ஸ்ப்ரே அடித்தாலும் செதில் கிடைக்கும். கண்ணுக்கு ஆரி வேலைக் கடையில் கிடைக்கும் ஜமிக்கியும் ஒரு சொட்டுக் கறுப்பு நகப்பூச்சும் போதும். கலங்கிய நீருக்குத் தங்க நிறமும் கறுப்பு நிழலுருவும், தெளிந்த நீருக்கு வெள்ளியும் ஏற்றவை.

மேற்பூச்சுக்கு ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி வேண்டாம். அது சீக்கிரம் மஞ்சளாகும். மெதுவாக இறுகும் வகையை, பாக்கெட்டில் சொன்ன விகிதத்தைத் தராசில் அளந்து கலந்து, இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். இறுகும் வரை லூரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் வயிற்றில் வழிந்து சேர்ந்து, நாம் அளந்து வைத்த சமநிலையைக் கெடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று எபாக்ஸியின்மேல் வெளிறிய படலத்தை உண்டாக்கும் என்பதால், வறண்ட நாளில் காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

நீரில் இறக்கியபின் லூர் ஒரு பக்கமாக ஓடினால், மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு எதிர்ப்பக்கம் மூக்கு வளையத்தைக் குறடால் மிகச் சிறிதளவு வளையுங்கள். கொடுவாவின் செவுள் மூடி நரம்பை அறுக்குமளவு கூரானது. நரம்பின் முனையில் கட்டும் தடித்த துண்டான லீடர், 40 பவுண்டு தாங்குவது, இல்லாமல் வீசாதீர்கள், செவுளைப் பிடித்துத் தூக்காதீர்கள். சீலா உள்ள நீரானால் எஃகுக் கம்பி லீடர் வேண்டும்.

மற்ற தூண்டில்காரர்களோடு குறிப்புகளைப் பகிர்வது

தனியாகச் செய்பவர் ஓர் ஆண்டில் கற்பதை, நாலு பேரோடு பேசுபவர் ஒரு பருவத்தில் கற்றுவிடுவார். ஆனால் "இந்த லூர் செம, அடி அள்ளுது" என்ற தகவலால் யாருக்கும் பயனில்லை. உடல் நீளம், மரம், மொத்த எடை, ஈயம் எத்தனை கிராம், மூக்கிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில், முன்தகட்டின் அகலமும் சாய்வும், வீசிய நீரின் ஆழமும் நிறமும், இழுத்த வேகம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வடிவ அட்டையின் பின்புறமே இதற்குப் போதிய இடம் இருக்கிறது. மீன் பிடிக்காத லூரின் அளவுகளையும் கொடுங்கள்; எதை மாற்றியதால் எது கெட்டது என்பது அப்போதுதான் மற்றவருக்குத் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று குழுவாக முடிவுசெய்துகொண்டால் இன்னும் நல்லது: ஒருவர் தகட்டின் சாய்வை, இன்னொருவர் ஈயத்தின் இடத்தை.

இரட்டையாகச் செய்து, ஒன்றை வேறு நீர்நிலையில் வீசும் நண்பரிடம் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஏரியில் அமைதியாக ஓடிய லூர், ஓடும் நீரில் கவிழ்வதை அவர்தான் கண்டு சொல்வார். கரையில் நிற்கும் மீனவப் பெரியவர்களிடமும் கேளுங்கள். இந்த மாதம் கழிக்குள் வந்திருக்கும் இரைமீன் எது, எவ்வளவு பெரிது என்பதை அவர்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் இல்லை. அந்த விடையைக் கொண்டு அடுத்த லூரின் நீளத்தைத் தீர்மானிக்கலாம். பல ஏரி, குளங்களின் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரின் அனுமதி கேட்டுவிட்டுத்தான் அங்கே வீச வேண்டும்; பறவைகள் சரணாலயம், காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

செய்முறையைத் தாராளமாகச் சொல்லுங்கள். இடத்தைச் சொல்வதில் மட்டும் கவனம் வேண்டும். குறிப்பாக விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீரின் மேல்மட்டத்தில் கொப்பளிக்கும் இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். கீழே காவல் நிற்கும் தாயும் தகப்பனும் அருகில் வரும் எதையும் அடிக்கும் என்பதால் அவற்றைப் பிடிப்பது எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். அவற்றை மீண்டும் நீரில் விட எண்ணுபவர்கள், லூரில் மாட்டும் ஒவ்வொரு முள்ளின் முனைக்குப் பின்னால் பின்நோக்கி நிற்கும் எதிர்க்கூரையும் குறடால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் அப்படியும் மீன் தப்பாது. விடுவிக்கும்போது மூக்குக் குறடால் ஒரு திருப்பில் முள் கழன்றுவிடும்.